காலண்டர் ஓவியம் போல ஓர் உருவப்படம்: பின்-அப் பாணியில் படம் எடுப்பதும் திருத்துவதும்

சுவரில் மாட்டி ரசிப்பதற்கென அழகிய பெண்களை விளையாட்டுத்தனமாகக் காட்டிய 1940களின் அமெரிக்கப் பின்-அப் பாணியில் ஓர் உருவப்படம் எடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பழைய படங்களின் பழுப்பான செபியா நிறத்தையும் கீறல் விழுந்த பழைய தாளின் சாயலையும் முதலில் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கிடைத்தது பழுதடைந்த புகைப்படம் போன்ற ஒன்று. பின்-அப்பின் உயிர்ப்பு அதில் துளியும் இல்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. இன்று பின்-அப் என்றதும் நம் நினைவுக்கு வரும் படங்களில் பல, புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டப்பட்டு, காலண்டராக அச்சிடப்பட்ட எண்ணெய்வண்ண ஓவியங்கள். மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் இருந்த பிரவுன் அண்ட் பிகலோ என்னும் காலண்டர் நிறுவனத்துக்காக 1940களின் நடுவிலிருந்து வரைந்த கில் எல்வ்கிரன், முதலில் மாடலை நிறுத்தி, ஒளியமைத்துப் படம் எடுத்துவிட்டு, அதன்பின்தான் தூரிகையைக் கையில் எடுத்தார். அந்தக் காலண்டர்கள் சுவரில் மாட்டப்பட்ட நாளில் அவற்றின் நிறங்கள் பளிச்சென்று இருந்தன. ஆகவே, நம் வேலை புகைப்படத்தைப் பழையதாக்குவது அன்று, அதை ஓவியத்தின் பக்கம் நகர்த்துவது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரே நோக்கத்துக்காகவே.

முதல் படி: ஒரு சிறு நிகழ்ச்சியைத் தீர்மானியுங்கள்

பின்-அப் படத்தில் மாடல் சும்மா நிற்பதில்லை. ஏதோ ஒன்று அந்த நொடியில் நடக்கிறது. தொலைபேசி மணி அடிக்கிறது, காற்றில் தொப்பி பறக்கிறது, நாய்க்குட்டி பாவாடை நுனியைப் பிடித்து இழுக்கிறது. இப்படி ஒரே வரியில் சொல்லக்கூடிய நிகழ்ச்சி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குத் தேவையான ஒரு பொருளை மட்டும் தேடுங்கள். சுழல்வட்டு உள்ள பழைய தொலைபேசி ஒன்றே ஒரு படத்துக்குப் போதும். எடுக்கப்போகும் படத்தின் தன்மையையும், உடை எவ்வளவு என்பதையும், படம் எங்கே வெளியாகும் என்பதையும் மாடலிடம் முன்கூட்டியே பேசி, அவருடைய முழுச் சம்மதத்தைப் பெற்றுவிடுங்கள். மனம் இறுகியிருப்பவரின் முகத்தில் இந்தப் பாணிக்குரிய விளையாட்டுத்தனம் வரவே வராது.

இரண்டாம் படி: உடை, கூந்தல், ஒப்பனை

இடுப்பு உயர்ந்து, அடியில் விரிந்த பாவாடை, புள்ளி போட்ட சட்டை, குதியுயர்ந்த காலணி ஆகியவை எளிதில் கிடைக்கும். முன்கூந்தலை இருபுறமும் மேல்நோக்கிச் சுருட்டிப் பின் குத்தும் விக்டரி ரோல்ஸ் அமைப்பு அந்தக் காலத்தின் அடையாளம். அது கைவரவில்லை என்றால் சிவப்புக் கைக்குட்டை ஒன்றைத் தலையில் முன்முடிச்சாகக் கட்டிவிடலாம். வளைந்த புருவம், கண்ணின் ஓரத்தில் மேல்நோக்கி நீளும் ஐலைனர், பளபளப்பில்லாத அடர்சிவப்பு உதட்டுச்சாயம் மூன்றும் போதும்.

நுணுக்கம் விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1942 முதல் அமெரிக்காவில் நைலான் முழுவதும் பாராசூட் போன்ற போர்த்தேவைகளுக்குத் திருப்பப்பட்டதால், காலுறை கிடைக்காத பெண்கள் கெண்டைக்காலின் பின்புறம் பென்சிலால் தையல்கோடு வரைந்துகொண்டார்கள். திரும்பி நின்று தோளுக்கு மேல் பார்க்கும் நிலையில் எடுப்பதாக இருந்தால், அந்த ஒரு கோடு படத்தின் காலத்தைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: ஒளி

மொத்த வேலையில் பாதி இதுதான். முதன்மை விளக்கில், ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸை மாட்டி, மாடலின் முகத்துக்கு நேர் முன்னால், கண்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வையுங்கள். மூக்கின் கீழே பட்டாம்பூச்சி வடிவில் சிறு நிழல் விழுந்தால் இடம் சரி. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தம் நடிகையருக்கு விரும்பிப் பயன்படுத்திய அமைப்பு இது. கன்னத்தின் கீழ் விழும் நிழலை இளக்க, இடுப்பளவில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டாவது விளக்கைப் பின்னால், சட்டகத்துக்கு வெளியே, கூந்தலின் விளிம்பிலும் தோளிலும் மெல்லிய ஒளிக்கோடு விழும்படி வையுங்கள். ஓவியத்தில் உருவம் பின்புலத்திலிருந்து பிரிந்து நிற்பது போன்ற தோற்றம் இந்தக் கோட்டினால்தான் வருகிறது. பின்திரை இளமஞ்சளாகவோ வெளிர்நீலமாகவோ வெறுமையாக இருக்கட்டும்.

மாநிறமும் கறுப்பும் ஆன மேனியைப் படமெடுக்கும்போது இந்த விளிம்பொளியைச் சற்றுக் கூட்டினால் தோலின் மினுமினுப்பு மிக அழகாக எழும். அந்தக் காலண்டர்களின் பெண்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல் உடையவர்கள் என்பதற்காக நம் மாடலை வெளுக்க வைப்பது தவறு. கடுகு மஞ்சள், மயில்நீலம், அடர்சிவப்பு ஆகிய உடைநிறங்கள் அடர்ந்த மேனியில் இன்னும் எடுப்பாகவே நிற்கின்றன.

நான்காம் படி: கேமராவும் நிற்கும் நிலையும்

முழுச்சட்டக கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், சிறு சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் பொருத்தமானவை. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/125 நொடி என்று ஃபிளாஷுடன் தொடங்கி, வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பின்புலத்தை மங்கலாக்கும் ஆசை இங்கே வேண்டாம். இந்த ஓவியங்களில் காலணி முதல் கூந்தல் வரை எல்லாமே தெளிவு. முழு உருவத்தை எடுக்கும்போது கேமராவை மாடலின் இடுப்பு மட்டத்துக்கு இறக்குங்கள். கண்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் கால்கள் குறுகிவிடும். கோப்பை, பிறகு திருத்துவதற்கு அதிக இடம் தரும் ரா வடிவில் பதிவு செய்யுங்கள்.

உடலின் எடை பின்காலில், முன்முழங்கால் மடங்கி, குதிகால் தூக்கி, இடுப்பு ஒரு புறமும் தோள் மறுபுறமும் திரும்பியிருக்கட்டும். 1943இல் ஃபிராங்க் பவோல்னி எடுத்த, நடிகை பெட்டி கிரேபிள் முதுகைக் காட்டித் தோளுக்கு மேல் திரும்பிச் சிரிக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்தாலே இந்தத் திருப்பத்தின் வலிமை புரியும். மாடல் கிடைக்காதவர்களும் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பின்-அப் ஓவியர்களில் பெயர்பெற்ற ஜோயி மோசர்ட், கண்ணாடியின் முன் தாமே நின்று தம்மையே மாடலாகக் கொண்டு வரைந்தவர். முகபாவத்தை மட்டும் உறையவிடாதீர்கள். "தொலைபேசி இப்போது அடிக்கிறது" என்று சொல்லி, திரும்பும் அந்தக் கணத்தில் அடுத்தடுத்துப் படம் எடுங்கள்.

ஐந்தாம் படி: திருத்தம்

ஃபோட்டோஷாப்பிலோ, கட்டணமில்லாத கிம்ப் மென்பொருளிலோ இதைச் செய்யலாம். முதலில் படத்தின் லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலம்) நகலெடுத்து, ஃபோட்டோஷாப் என்றால் சர்ஃபேஸ் பிளர், கிம்ப் என்றால் செலக்டிவ் காஸியன் பிளர் என்னும் மங்கலாக்கும் வடிகட்டியைக் கொடுத்து, வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் வழியாகத் தோலில் மட்டும் தெரியவிட்டு, ஒபாசிட்டியை, அதாவது அந்த லேயர் தெரியும் அளவை, 50 விழுக்காட்டில் நிறுத்துங்கள். கண், உதடு, கூந்தல், துணியின் மடிப்பு ஆகியவை கூர்மையாகவே இருக்க வேண்டும்.

அடுத்து, 50 விழுக்காடு சாம்பல் நிறம் நிரப்பிய புதிய லேயரை, கீழுள்ள படத்தோடு மென்மையாகக் கலக்கும் சாஃப்ட் லைட் முறையில் வைத்து, 5 முதல் 10 விழுக்காடு ஒபாசிட்டி உள்ள மெல்லிய பிரஷ்ஷால், ஒளிபடும் இடங்களில் வெள்ளையையும் நிழலில் கறுப்பையும் பொறுமையாகத் தீட்டுங்கள். கன்னமேடு, மூக்குத்தண்டு, தோள், முழங்கால், பாவாடை மடிப்பின் முகடு என்று ஒவ்வொன்றாக உருண்டு திரள்வதைக் காண்பீர்கள். புகைப்படம் ஓவியமாகும் இடம் இதுவே என்பதால் இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் தகும்.

பிறகு நிறம். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே மாற்றும் பகுதியில் நீலத்தைப் பச்சைநீலத்தின் பக்கம் சற்றே நகர்த்தி, சிவப்பின் செறிவைக் கூட்டுங்கள். மேனியின் நிறம் தங்கியிருக்கும் ஆரஞ்சை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுங்கள். ஒளி அளவுகளை மாற்றும் லெவல்ஸ் கருவியில் வெளியீட்டுக் கறுப்பை (Output) 12 வரை உயர்த்தி, கர்வ்ஸ் கருவியில் நீலச் சேனலின் கோட்டின் மேல்முனையைச் சிறிது இறக்கினால், தூய வெள்ளை தந்தநிறமாகி, அச்சுத்தாளின் இளஞ்சூடு வந்துவிடும்.

படத்தில் உள்ள வடிவங்களை இழுத்து நெளிக்கும் லிக்விஃபை கருவியைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். காலண்டர் ஓவியர்கள் கால்களை நீட்டினார்கள், இடையைக் குறுக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் உங்கள் முன் நிற்பவர் ஓர் உண்மையான பெண். தம் உடல் வடிவம் மாற்றப்பட்ட படத்தை அவர் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. பாவாடை விரிவைக் கூட்டவும் கூந்தல் சுருளை உருட்டவும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, படத்தை 4:5 விகிதத்தில் வெட்டி, மிக மெல்லிய கேன்வாஸ் இழையமைப்பு ஒன்றை 10 விழுக்காட்டுக்குள் சேருங்கள். பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று பாருங்கள். உருவத்தின் வெளிக்கோடும் உதட்டின் சிவப்பும் அங்கிருந்தே தெரியவில்லை என்றால், விளிம்பொளியையும் பின்திரையின் நிறத்தையும் மாற்றி மறுபடி எடுங்கள்; திருத்தத்தால் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.