நம் பழைய கட்டுரையைத் திரும்பப் பதிவிடுவது எப்படி?

நாம் எழுதியதுதானே என்று பழைய கட்டுரையை அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம் என்று தோன்றும். அவசரம் வேண்டாம். பெங்களூரு அல்சூரில் திருவள்ளுவர் சிலை திறந்த வருடம் ஓர் ஆண்டு மலருக்கு எழுதியதை அண்மையில் புதுப்பித்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

படி 1: உரிமை யாரிடம் என்று பாருங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை கைமாற எழுத்தில் கையெழுத்து வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்வார்கள். சம்பளத்துக்கு எழுதியது வேறு கணக்கு. கையெழுத்தே போடவில்லை என்றாலும், மரியாதைக்கு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

படி 2: எது நம் வரி? இங்கேதான் நேரம் போகும். பழைய கோப்பில் நம் வரியும், குறிப்புக்காக ஒட்டிவைத்த பிறர் வரியும் கலந்து கிடக்கும். சந்தேகமான இடத்தில் ஆறேழு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். ஒருவர் ‘சிலையைத் திறந்து’ என்பார், இன்னொருவர் ஒற்றில்லாமல் ‘சிலையை திறந்து’ என்பார். ஓர் ஒற்று மாறினாலே தேடல் கோட்டைவிடக்கூடும். இரண்டு விதமாகவும் தேடுங்கள். கோப்பு, யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் இருந்தால் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் விழும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது இன்று இணையம் முழுக்கப் பயன்படும் எழுத்து முறைக்கு மாற்றுங்கள். திருட்டைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் இலவசத் தளங்களைத் தமிழுக்கு நான் நம்புவதில்லை.

எடுத்துக்காட்டாக, அந்தத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. இந்தத் தகவல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ‘சாக்குக்குள் தவமிருந்த வள்ளுவர்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்தச் சொல் அவருடையது. ‘தவமிருந்த’ என்பதை ‘நோன்பிருந்த’ என்று மாற்றிவிட்டால் நம்முடையதாகிவிடாது. பெயர் சொல்லி மேற்கோள் காட்டுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படி 3: மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். ‘மெட்ரோ வேலையால் சாலை குதறிக் கிடக்கிறது’ என்று அன்று எழுதியிருந்தேன். 2011 அக்டோபர் 20 முதல் அந்த வழியில் ரயிலே ஓடுகிறது. நிலையத்துக்கு அல்சூரின் கன்னடப் பெயரான ஹலசூரு என்று பெயர். அந்தப் பத்தியை அடித்துவிட்டு, நிலையத்தில் இறங்கி அல்சூர் ஏரிக்கு நடக்கும் வழியை எழுதினேன்.

படி 4: அடியில் ‘இதன் முந்தைய வடிவம் 2009-இல் இன்ன மலரில் வந்தது’ என்று ஒரு வரி போதும். பழையது உங்கள் வேறு தளத்தில் இன்னும் இருந்து, அதை அப்படியே திரும்பப் போடுகிறீர்களா? எது மூலம் என்று கூகுளுக்குச் சொல்ல வேண்டும். வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸில், யோஸ்ட் என்ற கூடுதல் செருகுநிரலில் மூல முகவரிக்கென்று உள்ள கனானிக்கல் (canonical) பெட்டியில் பழைய முகவரியைக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: விக்கிப்பீடியாவில் தான் தொடங்கிய கட்டுரையை எடுக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எடுக்கலாம், ஆனால் இப்போதுள்ள பக்கத்தை அல்ல. அதில் பிறர் கையும் பட்டிருக்கும். பக்க வரலாற்றுக்குப் போய், பிறர் திருத்துவதற்கு முன் நீங்கள் சேமித்த வடிவத்தைத் திறந்து எடுங்கள். இப்போதுள்ளதுதான் வேண்டுமென்றால் பக்கத்தின் இணைப்பையும் அங்குள்ள எழுத்தை நிபந்தனையோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையும் குறிப்பிட்டு, உங்கள் பதிவையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.