சென்னை – சிங்கப்பூர்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

சிங்கப்பூர் டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்ததும் சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ராத்திரி 11.15-க்கு ஏறினா காலையில 6.05-க்குத்தான் இறங்குமா? ஏழு மணி நேரம் உக்காரணுமாடா?" என்றார். அவ்வளவு இல்லை. அதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

படி 1: இரண்டு ஊரின் எண்கள்

கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். சென்னை மீனம்பாக்கம் 12.99, 80.17. சிங்கப்பூர் சாங்கி 1.36, 103.99. ஊர்ப்பெயரை அழுத்தாமல் விமான நிலையத்தையே அழுத்துங்கள்.

படி 2: தூரம்

பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. அதை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கி.மீ.

முதலில் சுலபமான ஒன்றைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தின் எண்கள் 9.79, 80.07. சென்னைக்கு நேர் தெற்கு என்றே சொல்லலாம். அட்சரேகை வித்தியாசம் 3.2, அதை 111-ஆல் பெருக்கினால் 355 கி.மீ. அவ்வளவுதான்.

சிங்கப்பூர் தென்கிழக்கே சாய்ந்து இருப்பதால் கொஞ்சம் வேலை கூடும்.

தெற்கே (அட்சரேகை வித்தியாசம்): 11.63 × 111 = 1,291 கி.மீ.
கிழக்கே (தீர்க்கரேகை வித்தியாசம்): 23.82 × 111 = 2,644 கி.மீ.

தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். அதனால் கிழக்குத் தூரத்தை மட்டும் இரு ஊர்களின் சராசரி அட்சரேகையின் கொசைனால் (கால்குலேட்டரில் cos பொத்தான்) பெருக்க வேண்டும். இங்கே சராசரி 7.2 பாகை, கொசைன் 0.992. ஆக 2,623 கி.மீ. இனி பிதாகரஸ்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,923 கி.மீ. மேப்ஸில் உள்ள தூரம் அளக்கும் வசதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒட்டியே வரும். லண்டன் மாதிரித் தொலைவுக்கு இந்த வழி உதவாது. பூமியின் வளைவு கணக்கைக் கெடுத்துவிடும். அதற்கு மேப்ஸிலேயே அளந்துவிடுங்கள்.

படி 3: நேரம்

ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,923-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். ஆனால் டிக்கெட் நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, மறுபக்கம் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் 45 நிமிடம் கூட்டுவேன். 4 மணி 11 நிமிடம். காற்றைப் பொறுத்து முன்பின் ஆகும்.

யாழ்ப்பாணத்துக்கு ஏடிஆர் ரக விசிறி விமானம். வேகம் 500 என்று வையுங்கள்: 43 நிமிடம், கூடவே ஒரு 30.

படி 4: டிக்கெட்டோடு ஒப்பிடுவது

சித்தி குழம்பியது இங்கேதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரம், இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரம். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 11.15 முதல் 6.05 வரை 6 மணி 50 நிமிடம். இரண்டரையைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். நம் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, சரியா?

திரும்பும்போது கூட்ட வேண்டும். அங்கே இரவு 8 மணிக்குக் கிளம்பி இங்கே 9.40-க்கு இறங்கினால், பயணம் 1 மணி 40 நிமிடம் அல்ல, 4 மணி 10 நிமிடம்.

சித்தி தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். "அப்போ போறப்ப போன ரெண்டரை மணி நேரம் வர்றப்ப திரும்பக் கிடைச்சிடும்?"

கிடைச்சிடும் சித்தி.