மருத்துவமனை வார்டில் கிருமிகளின் மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் பரவுவதைக் கட்டுப்படுத்துவது எப்படி?

நோயாளிக்கு நோயாளி கிருமி தொற்றுவதைத் தடுத்தால் மட்டும் போதாது; கிருமிக்குக் கிருமி மரபணு கைமாறுவதையும் மனத்தில் கொண்டே வார்டுப் பணிகளைத் திட்டமிட வேண்டும். பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளைய டிஎன்ஏ, கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிலிருந்து ஈ. கோலை என்ற வேறு இனப் பாக்டீரியாவுக்குக்கூடத் தாவக்கூடியது, பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களை அது ஒருங்கே சுமக்கக்கூடும் என்பதால், ஒரு மருந்தைத் தேவையின்றிக் கொடுத்தாலும் மற்றவற்றுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே நிலைபெற்றுவிடுகிறது.

ஆகவே, முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சர் எனப்படும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கான மாதிரியை எடுத்துவிடுங்கள் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் செப்சிஸ் நிலையிலுள்ள நோயாளிக்கு இதற்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது). 48 முதல் 72 மணி நேரத்துக்குள், மருந்தை மாற்றவோ நிறுத்தவோ முடியுமா என்று மறுபரிசீலனை செய்யுங்கள். கார்பபெனெம் என்னும் வலிமையான ஆன்டிபயாடிக் வகைக்கு எதிர்ப்புள்ள கிருமி உள்ளவரைத் தனி அறையில் வைத்து, கையுறையும் மேலங்கியும் அணிந்து கவனியுங்கள். கையுறையைக் கழற்றிய பின்னும் ஆல்கஹால் கரைசலால் 20 முதல் 30 விநாடி கைகளைத் தேய்ப்பது கட்டாயம்.

பலரும் கவனிக்கத் தவறுவது கைகழுவும் தொட்டியின் வடிகுழாய். அங்கே படியும் உயிர்ப்படலம் எனும் வழுவழுப்பான கிருமிப் படிவில் பல இனக் கிருமிகள் நெருங்கி வாழ்வதால், மரபணுப் பரிமாற்றத்துக்கு அதைவிட வசதியான இடம் வார்டில் அரிது என்றே கருதுகிறேன். மீந்த மருந்தையோ உடல் திரவங்களையோ கைகழுவும் தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். குழாய் நீர் நேரே வடிகால் துளையில் விழாதபடி அமையுங்கள். மருந்து கலக்கும் மேசையைத் தெறிப்பு எட்டாதபடி குறைந்தது 1 மீட்டர் தள்ளி வையுங்கள்.