டெல்ஃப்ட் பாணி நீல டைல்: வீட்டில் தீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரப் பெயரால் அறியப்படும் நீல வெள்ளை டைல்களைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள், நீலப் பெயின்ட்டுடன் வெள்ளைப் பெயின்ட்டையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்த டைல்களில் வெள்ளை தீட்டப்படுவதில்லை. வெள்ளீய ஆக்சைடு கலந்த மெருகுதான், அதாவது சுடும்போது கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சுதான், வெள்ளையாக நிற்கிறது. அதன்மேல் கோபால்ட் நீலம் ஒன்றே அடர்ந்தும் வெளிறியும் எல்லாச் சாயலையும் தருகிறது. நீலத்தில் வெள்ளையைக் கலந்தால் அந்தத் தெளிவு போய், சுண்ணாம்பு அடித்த சுவர்போல் மங்கிவிடும். நிறத்தை இளக்கத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவதும் தவறு. வழவழப்பான பரப்பில் அது முத்து முத்தாக ஒதுங்கும். பெயின்ட்டுடன் விற்கப்படும் மீடியம் என்ற இளக்கும் திரவத்தைக் கலப்பதே முறை.

டெல்ஃப்ட் கலைஞர்கள் சுடப்படாத மெருகின்மேல் தீட்டினார்கள். அது தூரிகையின் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால், விழுந்த கோட்டை அழிக்க வழியில்லை. நாம் தீட்டுவதோ ஏற்கெனவே சுட்ட, எதையும் உறிஞ்சாத டைலில். பிழையை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம் என்பது வசதிதான். ஆனால் விரல் ரேகையின் எண்ணெய்ப்பசை இருந்தால்கூடப் பெயின்ட் ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்தபின் டைலின் விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும். கரும் நீலத்தில் வரைந்த வெளிக்கோடு நன்கு உலருமுன் உள்ளே வெளிர்நீலம் பூசினால், தூரிகை கோட்டையும் சேர்த்து இழுத்து வந்துவிடும். பாதி உலர்ந்த இடத்தை இரண்டாம் முறை தொட்டாலும் இதே கதிதான்.

பலருக்குத் தோன்றாத ஒன்று, மூலைகள். பழைய டச்சு டைல்களின் மூலைகளில் உள்ள எருதுத் தலை போன்ற சிறு வடிவங்கள், நான்கு டைல்கள் கூடும் இடத்தில் சேர்ந்து ஒரே அலங்காரமாகத் தெரியும். ஒவ்வொரு டைலையும் தனிப்படமாக நினைத்துத் தீட்டினால், சுவரில் ஒட்டியபின் அவை ஒன்றோடொன்று பேசாது. நான்கையும் இணைப்பு இடைவெளியோடு அடுக்கி வைத்துத்தான் மூலைகளை வரைய வேண்டும்.

கடைசி அவசரம் ஓவனில் நேர்கிறது. பெபெயோ போர்சலைன் 150 என்ற பெயின்ட்டை 24 மணி நேரம் உலரவிட்டு, 150 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் சுட வேண்டும். வேறு பெயின்ட் என்றால் குப்பியில் உள்ள அளவே கணக்கு. சூடேறிய ஓவனில் டைலை நேராக வைத்து, தடித்த பூவிதழ்கள் கொப்புளித்துப் போனதை நானும் பார்த்தவன். குளிர்ந்த ஓவனில் வைத்து, வெப்பம் குறித்த அளவை எட்டியபின் நேரத்தைக் கணக்கிட்டு, உள்ளேயே ஆறவிட வேண்டும். மைக்ரோவேவ் இதற்கு உதவாது. இப்படிச் சுட்டாலும் இது ஏறத்தாழ 1000 டிகிரியில் மெருகோடு உருகி இணைந்த நிறம் அல்ல, மேலே படிந்த பூச்சுதான். ஆகவே நடக்கும் தரையிலும் தண்ணீர் விழும் குளியலறைச் சுவரிலும் இதை ஒட்டக் கூடாது.