ஸ்வீடன் பழைய கார் கிட் தேடுறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பழைய வோல்வோ, சாப் கார் கிட், அதாவது பாகங்கள ஒட்டி நாமளே செய்யற குட்டி மாடல் கார், இதெல்லாம் கடையில அடுக்கி வச்சிருக்கற சமாச்சாரம் இல்ல. அபூர்வமா ஒண்ணு கண்ணுல படும், பட்ட உடனே கை பரபரன்னு இருக்கும், அந்த அவசரத்துலதான் பெரும்பாலான தப்பு நடக்குது.

முதல் தப்பு தேடுறதுலயே. வெறும் சாப் கிட்னு தேடினா ட்ராக்கன், விக்கன்னு போர் விமானமா கொட்டும், ஏன்னா அந்த கம்பெனி ஆரம்பிச்சதே விமானம் செய்யத்தான். அதனால 93, 96ன்னு மாடல் நம்பரோட தேடுங்க, வேகன், அதாவது பின்னாடி சாமான் வைக்க கூரை நீண்டிருக்கற வண்டி, வேணும்னா 95. வோல்வோ அமேசானும் இதே கதைதான், ஜெர்மனியில க்ரைட்லர்ங்கற மோட்டார் சைக்கிள் கம்பெனி அந்த பேர முன்னாடியே வச்சிருந்ததால வெளிநாட்டுல 121, 122ன்னுதான் வித்தாங்க, அதோட வேகன் 220. ஸ்வீடன்காரங்க கிட்ட தேடும்போது கிட்டுக்கு 'பிக்சாட்ஸ்' (byggsats), பழைய வேகனுக்கு 'ஹெர்கோர்ட்ஸ்வாங்ன்' (herrgårdsvagn), அதாவது பண்ணை பங்களா வண்டி, எவ்ளோ அழகான பேர் பாருங்க.

அடுத்தது, ஃபோட்டோவ மட்டும் பாத்து வாங்கறது. டென்மார்க் டெக்னோ கம்பெனியோட 1/43 வோல்வோ, அதாவது நிஜ வண்டில நாப்பத்து மூணுல ஒரு பங்கு அளவு, எல்லாம் ரெடிமேட் டைகாஸ்ட் உலோக பொம்மை, பின்லாந்து ஸ்டால்பெர்க் கம்பெனி பண்ணது 1/20 பிளாஸ்டிக், அதுவும் கிட் இல்ல. நிஜ அமேசான் நீளம் 4.45 மீட்டர், அது 1/24ல பதினெட்டரை சென்டிமீட்டர் வரும், 1/43ல பத்து சென்டிமீட்டர்தான். வாங்கறதுக்கு முன்னாடி இந்த 1/24, 1/43ங்கற அளவ பாத்துக்கோங்க.

பீமாக்ஸ் கம்பெனியோட 1/24 வோல்வோ 240 டர்போ நல்ல கிட், ஆனா அது ரேஸ் கார், 1985 ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப் ஜெயிச்ச வண்டி. இத வாங்கி குடும்பம் போற 245 வேகனா மாத்திடலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. கதவுக்கு பின்னாடி இருக்கற கூரை, ஜன்னல், பின்கதவு எல்லாமே புதுசா செய்யணும், உள்ள ரேஸ் காருக்கான பாதுகாப்பு கம்பிக்கூண்ட (ரோல் கேஜ்) எடுத்துட்டு சீட்டும் தேடணும், பழக்கம் இல்லாதவங்க இதுல கை வைக்காதீங்க.

ரெசின் கிட்லதான், அதாவது அச்சுல ரெசின் ஊத்தி செய்யற கிட்ல, நான் நல்லா பட்டேன். சின்ன இடத்துல வாங்கின வோல்வோ 1800 ஈஎஸ், 1972, 73 ரெண்டே வருஷம் வந்த வேகன், பின்கதவு முழுக்க ஒரே கண்ணாடி, அந்த வண்டியோட உயிரே அதுலதான் இருக்கு. அச்சுலருந்து ஒட்டின பிசுக்கு போக பாடிய டிஷ் சோப் போட்டு கழுவணும், நான் கழுவாம பெயின்ட் அடிச்சேன், மறுநாள் மாஸ்கிங் டேப்ப உரிச்சா பெயின்ட்டும் சேந்து தோல் மாதிரி வந்துடுச்சு. அதையும் சரி பண்ணி கடைசியில பின் கண்ணாடிய சூப்பர் க்ளூல ஒட்டினேன், பத்து நிமிஷத்துல ஓரமெல்லாம் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா பூத்துடுச்சு, எவ்வளவு துடைச்சும் போகல. கண்ணாடிக்கு வெள்ளை பசைதான், சூப்பர் க்ளூ கிட்டயே கொண்டு போகக்கூடாது. பிளாஸ்டிக் சிமென்ட் ரெசின்ல ஒட்டவே ஒட்டாது, தேய்க்கும்போது தண்ணி தொட்டு தேயுங்க, மாஸ்க் கண்டிப்பா போடுங்க, அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வருஷம் பாக்காம விடறதும் பெரிய தப்பு. வோல்வோ பிவி 444ல முன் கண்ணாடி ரெண்டு துண்டு, 544ல வளைஞ்ச ஒரே கண்ணாடி. 1965ல ஈஸ்ட் ஆப்பிரிக்கன் சஃபாரி ராலிய ஜோகிந்தர் சிங் ஜெயிச்சது 544ல, அந்த வண்டி செய்யணும்னு 444 பாடிய வாங்கிட்டு ராலி ஸ்டிக்கர் (டெக்கால்) ஒட்டினா பாக்கறவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. விக்கறவர்கிட்ட பணம் அனுப்பறதுக்கு முன்னாடி பாடிய மேலருந்து ஒரு ஃபோட்டோ, கண்ணாடி பாகங்கள தனியா ஒரு ஃபோட்டோ கேளுங்க, பாடிகூட வேற கிட்லருந்து கடன் வாங்கி சரி பண்ணிடலாம், தொலைஞ்ச கண்ணாடி கிடைக்காது.