பேபிசிட்டர் காரில் பிள்ளையை அனுப்பும் முன்: கார் சீட்டை அவரே மாட்டட்டும்

லைசென்ஸ், வண்டியின் நிலைமை எல்லாம் நீங்களே விசாரித்திருப்பீர்கள். ஒன்று மட்டும்: உங்கள் காரை பேபிசிட்டர் ஓட்டப்போகிறார் என்றால், அப்போதும் இன்ஷூரன்ஸ் செல்லுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

1. யார் கார்?

என் ஓட்டு உங்கள் காருக்குத்தான். பிள்ளைக்கான சீட் அதில் ஏற்கெனவே மாட்டியிருக்கும், கழற்றும் வேலையே இல்லை. அவருடைய கார்தான் என்றால் இன்னொரு சீட் வாங்கி அதிலேயே விட்டுவிடுங்கள். தினமும் கழற்றி மாட்டினால் என்றாவது அவசரத்தில் தளர்ந்துபோகும். யாரோ பயன்படுத்திய சீட் எனக்குச் சம்மதமில்லை: விபத்தில் அடிபட்டதா என்பது பார்த்தால் தெரியாது.

2. அவர் மாட்ட வேண்டும், நீங்கள் பார்க்க வேண்டும்

நேரம் இதில்தான் போகும். போகட்டும். நீங்கள் மாட்டிக்காட்ட, அவர் "சரி, புரிஞ்சுது" என்று தலையாட்டினால் போதாது. கையேட்டை அவரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பெல்ட்டால் கட்டும் சீட் என்றால், பெல்ட்டை அதற்குரிய பாதையில் நுழைத்து, சீட்டை ஒரு கையால் அழுத்தி ஊன்றிக்கொண்டு இழுத்து இறுக்க வேண்டும். அப்புறம் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள்: எந்தப் பக்கமும் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பலர் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிவிட்டுப் பதறுவார்கள். பின்னோக்கிய சீட்டில், அதாவது பிள்ளை காரின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காரும் சீட்டில், தலைப்பக்கம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எவ்வளவு இழுத்தும் மறுபடி தளர்கிறதா? பெல்ட் பூட்டிக்கொள்ளவில்லை. சில கார்களில் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தால்தான் பூட்டு விழும்; சில சீட்டுகளில் தனிப் பூட்டே இருக்கும்.

ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல், காரிலேயே பொருத்தியிருக்கும் கொக்கிகளில் சீட்டை மாட்டும் முறை) இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். கிளிக் என்று விழும், பல சீட்டுகளில் பச்சை அடையாளமும் தெரியும். கூடவே பெல்ட்டும் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கையேடு அனுமதித்தால் மட்டுமே.

பின்னோக்கிய சீட்டை, ஏர்பேக் அணைக்கப்படாத முன்னிருக்கையில் வைக்கவே கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

3. பிள்ளையைக் கட்டுவது

தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். மோதலில் அது நசுங்கி வார் தளர்ந்துவிடும். இறுக்கிய பிறகு தோளெலும்பருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும்.

4. சொல்லிவைக்க வேண்டியவை

ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. நீங்களும் அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். "ஒரு நிமிஷம்தானே" என்று பிள்ளையைக் காரில் விட்டுப் போகக் கூடாது, ஜன்னல் திறந்திருந்தாலும். பூட்டிய கார் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடேறிவிடும்.

பின்சேர்க்கை: பெரிய பிள்ளைகள் பூஸ்டர் (கார் பெல்ட் சரியாகப் படிய பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) வேண்டாம் என்று அடம்பிடிக்க, பேபிசிட்டரும் விட்டுவிடுகிறார் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பூஸ்டர் இல்லாமல் உட்காரும்போது முதுகு சாய்மானத்தில் ஒட்டி, முழங்கால் இருக்கை விளிம்பில் மடிந்து, இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடைமேல் படிந்து, மேல் பட்டை கழுத்தை உரசாமல் தோள் நடுவே வந்தால்தான் பூஸ்டரை நிறுத்தலாம். பெரும்பாலும் 145 செ.மீ. உயரம் வந்த பிறகே இது நடக்கும். பேபிசிட்டர் அருகில் இருக்கும்போதே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள், "அம்மா வேண்டாம்னு சொன்னாங்க" என்று அவரிடம் கதைவிட முடியாது.