திருப்புளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: ரோபோவின் அகச்சிவப்பு சென்சாரில் நாம் செய்யும் தவறுகள்

மதுரை அருகே மேலூரில் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், தடையைக் கண்டால் விலகிப்போகும் ரோபோ ஒன்று செய்தான். வீட்டுக் கூடத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில், சுவர், நாற்காலிக் கால், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் விட்டு விலகி அழகாக ஓடியது. மறுநாள் பள்ளிக் கண்காட்சி முற்றத்தில் நடந்தது. பத்து மணி வெயிலில் ரோபோ ஓரடிகூட முன்னே போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் அவன் திருப்புளியை எடுத்து, சென்சாரில் இருக்கும் நீலத் திருகை இப்படியும் அப்படியும் திருகிவிட்டான். மாலையில் வீட்டுக்கு வந்தால் கூடத்திலும் ஓடவில்லை. "மாமா, சென்சார் கெட்டுப்போய்விட்டது" என்று கண் கலங்கி நின்றான்.

சென்சார் கெடவே இல்லை. எனக்குத் தெரிந்து, தடை உணரும் சென்சார் விஷயத்தில் முதல் தவறு அந்தத் திருகில் கை வைப்பதுதான். மற்றத் தவறுகள் எல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

இந்தச் சின்னப் பலகை தூரத்தை அளப்பதில்லை. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. பக்கத்தில் கறுப்பாக இருக்கும் போட்டோடையோடு, திரும்பி வரும் ஒளியைப் பெறுகிறது. எல்.எம்.393 என்ற சில்லு அந்த அளவை, திருகு வைத்திருக்கும் அளவோடு ஒப்பிட்டு, தடை உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்கிறது. அந்த ஒளி எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. சூரியனிடமிருந்து வந்தாலும் அதற்கு அது சுவர்தான்.

மதுரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது; சின்ன எல்.இ.டி.யின் ஒளி அதற்கு முன்னால் எம்மாத்திரம்? ஜன்னல் வழியாகத் தரையில் விழும் ஒரு வெயில் துண்டே ரோபோவைக் குழப்பப் போதும். பழைய குண்டு பல்பும் அகச்சிவப்பை வீசும். டியூப்லைட்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால்தான் கூடத்தில் ஓடியது முற்றத்தில் ஓடவில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. முன்னால் எதுவும் இல்லாதபோதும் சென்சார் 'தடை' என்று காட்டினால், ஒளி வீசும் எல்.இ.டி.யை மட்டும் அலுமினியத் தாளால் மூடுங்கள். எல்.இ.டி.யின் உலோகக் கால்களில் தாள் பட்டுவிடக் கூடாது. மூடிய பிறகும் 'தடை' நீடித்தால் ஒளி வெளியிலிருந்து வருகிறது, அல்லது திருகு அளவு மீறித் திருகப்பட்டிருக்கிறது. மூடியதும் மறைந்தால், எல்.இ.டி.யின் ஒளி பக்கவாட்டில் கசிந்து நேராகப் போட்டோடையோடில் விழுகிறது, அல்லது தரையில் பட்டுத் திரும்புகிறது. கசிவென்றால் போட்டோடையோடைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒளி புகாத குழல் மாட்டுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் அகச்சிவப்பைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். சில கறுப்பு பிளாஸ்டிக்குகள் அதைத் தாராளமாக உள்ளே விடும். எல்.இ.டி.க்கும் கைபேசிக் கேமராவுக்கும் நடுவில் அந்தப் பொருளைப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் முன்பக்கக் கேமராவில் எல்.இ.டி. வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தெரியும். எல்.இ.டி. எரிகிறதா என்று பார்க்கவும் அதுவே வழி.

பொருளைத் தவறாகக் கணிப்பதும் உண்டு. வெள்ளைச் சுவரை இருபது சென்டிமீட்டரில் கண்டுகொள்ளும் சென்சார், கறுப்புப் பெயின்ட் அடித்த கதவை இடிக்கும் தறுவாயில்தான் காணும். எங்கள் ஊர் வீடுகளில் பளபளக்கும் கறுப்பு கிரானைட் படிகள் அதிகம். ரோபோ சாய்வாக வந்தால் அந்தக் கல் ஒளியைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பிவிடும். இங்கே எந்தத் திருகும் உதவாது. சென்சாரின் இடத்தையும் கோணத்தையும் மாற்ற வேண்டும், அல்லது ஒலியலையால் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 வகையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். திறந்தவெளியில் ஓடப்போகும் ரோபோவுக்கு நான் முதலிலேயே அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது மின்சாரம். சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரியில் மோட்டாரையும் சென்சாரையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் விழுகிறது. சென்சாருக்குப் போகும் ஐந்து வோல்ட் நான்காகக் குறைந்தால், எல்.இ.டி.யில் ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். சென்சார் காணும் தூரமும் சுருங்கும். நிற்கும்போது சரியாகவும் ஓடும்போது தப்பாகவும் சென்சார் நடந்துகொண்டால் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை, சென்சாருக்கு மின்சாரம் போகும் முனைகளில் வையுங்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள். ஆனால் இரண்டு பேட்டரிகளின் எதிர்மின் (−) முனைகளையும் ஒன்றாக இணைக்க மறக்காதீர்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே '104' என்று அச்சிட்ட சின்ன மின்தேக்கி ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

நிரலில் நேரும் தவறு ஒன்றுதான், ஆனால் எல்லோரும் செய்வது: இந்தப் பலகைகளில் பெரும்பாலானவை தடை இருக்கும்போது 0 கொடுக்கும், இல்லாதபோது 1. தலைகீழாக எழுதினால் ரோபோ சுவரைத் தேடிப் போய் மோதும். சென்சாரை இணைக்கும் ஜம்பர் வயர் அதிர்வில் கழன்றாலும், ரோபோவின் மூளையான ஆர்டுயினோ பலகையில் புல்லப் (இணைப்பில்லாத முனையை 1 நிலையில் இழுத்து வைக்கும் அமைப்பு) வைத்திருந்தால் 1 என்றே படிக்கும்; அதாவது 'பாதை காலி'. ஆகவே ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு வயரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் திருகு. ரோபோ ஓடப்போகும் இடத்திலேயே, மோட்டார் சுழலும்போது, நீங்கள் விரும்பும் தூரத்தில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். தடையைக் காட்டும் பலகையின் சின்ன விளக்கு சிமிட்டும் எல்லையில் விட்டுவிடாதீர்கள். அங்கே சென்சார் இரண்டு மனதாகவே இருக்கும், கொஞ்சம் தாண்டி நிறுத்துங்கள். நிலை கிடைத்ததும் திருகின் தலையிலும் அது பொருந்தியிருக்கும் நீலப் பெட்டியின் விளிம்பிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தப் பையனின் சென்சாரில் இப்போது இரண்டு கோடுகள் இருக்கின்றன: சிவப்பு கூடத்துக்கு, நீலம் நிழல் விழும் திண்ணைக்கு.